பத்துக்கு எட்டு பேனரில் என் பிளேட்லெட் கணக்கு

இப்போதும் யாராவது போன் செய்து கேட்கிறார்கள். "ஏங்க, நீங்க எந்தக் கேப்ஸ்யூல் சாப்ட்டு பிளேட்லெட் ஏறுச்சு? அந்த டப்பா பேரு சொல்லுங்க." தொண்டை வறள வறளப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. ஆகவே எழுதியே வைத்துவிடுகிறேன். எந்தக் கேப்ஸ்யூலாலும் எனக்கு ஏறவில்லை. கேப்ஸ்யூலை நம்பிச் சாகக் கிடந்ததுதான் மிச்சம். அந்த டப்பாவை என் கையில் திணித்தவள் என் நாத்தனார் கோமதி. வீட்டுக்காரருக்கு அக்கா, என்னைவிட மூத்தவள். அவர், இவர் என்றுதான் எழுத வேண்டும். வரவில்லை. அவளை நான் மன்னிக்கவும் இல்லை. சாவின் வாசல்வரை போய் வந்தவள் இப்படியா பேசுவாள் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். போய் வந்ததால்தான் பேசுகிறேன்.

எங்களுக்குப் பாப்பிரெட்டிப்பட்டியில் பிளெக்ஸ் பேனர் கடை. கம்ப்யூட்டரில் டிசைன் போடுவது நான். மெஷினில் அடித்து, சட்டத்தில் இழுத்துக் கட்டுவது வீட்டுக்காரர் முருகேசன். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம், கட்சிக்காரர் பிறந்தநாள், கடைசியில் கண்ணீர் அஞ்சலி. இந்தப் பக்கத்தில் யாருக்கு நல்லது கெட்டது நடந்தாலும் என் கை வழியாகத்தான் கம்பத்தில் ஏறும்.

போன வருஷம் ஆவணி முகூர்த்தத்துக்கு முன்னால் தொடையில் நீலமாக ஒரு திட்டு வந்தது. சட்டத்துப் பைப் இடித்திருக்கும் என்று விட்டுவிட்டேன். அப்புறம் முழங்கையில் ஒன்று, இடுப்பில் ஒன்று. கணுக்காலுக்கு மேலே சிவப்பாகப் பொடிப்பொடியாகப் புள்ளி. வேர்க்குரு என்று பவுடர் போட்டேன். ஒரு நாள் காலையில் பல் துலக்கும்போது வாளியில் துப்பியதெல்லாம் ரத்தம். முருகேசன் வாளியைப் பார்த்துவிட்டு, சட்டையைக்கூட மாற்றாமல் வண்டியை எடுத்தார்.

லேப்காரத் தம்பி ரத்தம் எடுத்து மெஷினில் வைத்தான். கம்ப்யூட்டரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"அக்கா, இன்னொரு தபா எடுக்கணுங்க. சில பேருக்கு டியூப்ல ரத்தம் ஒட்டிக்கிட்டா மெஷினு கம்மியா காட்டும். வேற டியூப்ல பாக்கறன்."

முதல் தடவை பிளேட்லெட் எட்டாயிரம். வேறு டியூபிலும் அதே எட்டாயிரம்தான். ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டியது. "தருமபுரிக்குப் போங்கண்ணா, ஒடனே போங்க. வண்டில வேணாம், கார் புடிங்க" என்றான் முருகேசனிடம்.

தருமபுரி ஆஸ்பத்திரியில் முதல் நாள் முழுக்க டெங்குவா, டெங்குவா என்றே பார்த்தார்கள். அது இல்லை. மலேரியா இல்லை. கல்லீரல், மண்ணீரல், விட்டமின் எல்லாம் சரி. ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்த்ததில் கெட்ட அணு எதுவும் இல்லை. ஒவ்வொரு 'இல்லை'க்கும் வராந்தாவில் காத்திருக்க வேண்டும். பெஞ்சில் பக்கத்தில் இருந்தவர்கள் ஆளுக்கு ஒரு நோய் சொன்னார்கள். எல்லாம் ஆளைக் கொல்கிற நோய்.

டாக்டரம்மா சின்ன வயசுக்காரர், கறாரான பேச்சு. கட்டிலின் ஓரத்தில் நின்று சொன்னார்.

"காயம் பட்டா ஓடி வந்து அடைக்கிற துணுக்குதாம்மா பிளேட்லெட். உங்க ஒடம்புல இருக்கிற காவக்காரன் அத திருடன்னு நெனச்சுக்கிட்டு அடிச்சுக் கொல்றான். எலும்புக்குள்ள புதுசு உற்பத்தியாவுது, ஆனா வந்த வேகத்துல அடிபட்டுப் போவுது. ஐ.டி.பி.ன்னு பேரு. புத்துநோய் கெடையாது, ஒட்டுவாரொட்டியும் கெடையாது."

"எதனாலங்க வந்துச்சு?"

"பல பேருக்குக் காரணமே தெரியாதும்மா. காவக்காரன் கையப் புடிச்சு நிறுத்தறதுக்கு ஸ்டீராய்டு குடுக்கறன். மூஞ்சி வீங்கும், பசிக்கும், தூக்கம் கெடும், கோவம் வரும். பயப்படாதீங்க. ஆனா நானா சொல்ற வரைக்கும் நிறுத்தக் கூடாது. குறைக்கறதையும் கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும்."

கோவம் ஏற்கெனவே நிறைய இருக்குதுங்க என்றார் முருகேசன். எனக்குச் சிரிப்பு வந்தது. ஈறு வலித்ததால் பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

உறவுக்காரர்கள் வந்தார்கள். வந்த அத்தனை பேர் கையிலும் பப்பாளி இலைச் சாறு. ஒரே நாளில் நாலு தூக்குப்போசி. நர்ஸ் அத்தனையையும் வாசலிலேயே மறித்துவிட்டார். கோமதி மட்டும் தூக்குப்போசியோடு வரவில்லை. பாப்பாரப்பட்டியிலிருந்து பஸ் ஏறி வந்தவள், கைப்பையிலிருந்து ஊதா நிறத்தில் ஒரு டப்பாவை எடுத்துத் தலையணைக்கு அடியில் வைத்தாள். ஆள் சேர்த்து, அந்த ஆள் இன்னொரு ஆளைச் சேர்த்து விற்கிற கம்பெனி ஒன்றில் அவள் இருந்தாள். சில்வர் ஆகிவிட்டாள், அடுத்தது கோல்டு. கோல்டு ஆனால் மேடையில் கோட்டு மாட்டுவார்கள்.

"மஞ்சு, இரும்பு துருப்புடிக்கிற மாதிரி ரத்தமும் துருப்புடிக்கும்டி. இது துரு எடுக்கிறது. ஆன்டிஆக்ஸிடன்ட். பிளேட்லெட்டு கிர்ருனு ஏறும் பாரு."

வேறு யாரிடமாவது சொல்லியிருந்தால் காதில் ஏறியிருக்காது. நாங்கள் சட்டத்துப் பைப்புக்குத் துருப்பிடிக்காமல் இருக்க ரெட் ஆக்சைடு அடிக்கிறவர்கள். அடிக்காத பைப் ஒரே மழைக்காலத்தில் பொத்துப்போவதை வருஷா வருஷம் பார்க்கிறவர்கள். துரு என்றதும் எனக்கும் சரி, முருகேசனுக்கும் சரி, சட்டென்று மனசில் ஒட்டிக்கொண்டது. அடிப்பாவி, எங்கள் தொழிலை வைத்தே எங்களை மடக்கினாள்.

ஸ்டீராய்டு பிடித்தது. எண்ணிக்கை அறுபதாயிரத்தைத் தாண்டியதும் மாத்திரை எழுதிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். முகூர்த்த வேலை தலைக்குமேல் கிடந்தது. "நீ கடையப் பாருடா, நான் இவளப் பாத்துக்கறன்" என்று கோமதி எங்கள் வீட்டிலேயே தங்கினாள். பொய் சொல்லக் கூடாது, நன்றாகத்தான் பார்த்துக்கொண்டாள். ராகிக் களி கிளறினாள், துணி துவைத்தாள், தலை பின்னிவிட்டாள். மாத்திரையையும் ஊதா கேப்ஸ்யூலையும் அவளே எடுத்துக் கொடுத்தாள். அங்கேதான் என் தலையெழுத்து அவள் உள்ளங்கையில் உட்கார்ந்தது.

மூஞ்சி பூரி மாதிரி உப்பிவிட்டது. கண்ணாடியைப் பார்த்தாலே அழுகை வரும். ஒரு நாள் காலையில் வழக்கமான வெள்ளை மாத்திரைகள் இல்லை. ஊதா கேப்ஸ்யூல் மட்டும் இரண்டு இருந்தன.

"எங்கக்கா மாத்தர?"

"டாக்டரம்மாவுக்கு போன் போட்டன் மஞ்சு. மூஞ்சி வீங்குதுன்னு சொன்னன். அப்டின்னா நிறுத்திக்கலாம்னு சொல்லிட்டாங்க. இனிமே இது போதும்."

நம்பினேன். வீட்டு மனுஷி. கூசாமல் என் கண்ணைப் பார்த்துச் சொன்னாள். மூஞ்சி வற்ற ஆரம்பித்தது. தினமும் அதைப் போட்டோ எடுத்தாள். பார்த்தியா, பார்த்தியா என்று எனக்கே காட்டினாள். யாருக்காக எடுக்கிறாள் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

சும்மா உட்கார முடியாமல் கடைக்குப் போய் ஒரு காதுகுத்து பேனருக்கு ஜரிகை பார்டர் போட்டுக்கொண்டிருந்தேன். கீபோர்டில் சொட்டென்று விழுந்தது. மூக்கு. நிமிர்ந்து உட்கார்ந்தேன், அமுக்கினேன், ஐஸ் வைத்தேன், நிற்கவில்லை. துண்டு நனைந்து, பேனர் துணி நனைந்து, வாய்க்குள் கறுப்பாகக் கொப்புளம் கொப்புளமாக நாக்கில் தட்டியது. முருகேசன் என்னைத் தூக்கிக்கொண்டு ஓடியதும், காரில் அவர் "தூங்காத, பேசு, யாரையாவது திட்டு" என்று கத்தியதும் ஞாபகம் இருக்கிறது.

எண்ணிக்கை நாலாயிரம்.

டாக்டரம்மா வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார். முகம் மாறியது.

"மாத்தர எத்தன சாப்பிடறீங்க இப்ப?"

"நீங்கதாங்க நிறுத்தச் சொன்னீங்க."

"நானா? யார்கிட்ட சொன்னன்?"

பின்னாலேயே வந்து நின்றிருந்த கோமதியை எல்லோரும் பார்த்தோம். அவள் ஃபேனைப் பார்த்தாள்.

"நான் ஒண்ணும் சொல்லலீங்க டாக்டர். மூஞ்சி வீங்குதுன்னு அவளாத்தான் நிறுத்திக்கிட்டா. அழகு போயிடுமாம்."

அதற்குள் நர்ஸ் என் வாயில் பஞ்சை அடைத்துவிட்டார். பேச முடியவில்லை. முருகேசன் என்மேல் பாய்ந்தார். "மூஞ்சி பெருசா உயிர் பெருசா? அறிவு இருக்குதா உனக்கு?" ரத்தம் ஒழுகுகிற மூக்கோடு, ஒரு வார்த்தை திருப்பிச் சொல்ல வழியில்லாமல், என் புருஷன் அவளை நம்பி என்னைத் திட்டியதைக் கேட்டுக்கொண்டு கிடந்தேன். எனக்கு வைராக்கியம் வந்தது அந்த நிமிஷத்தில்தான். சாகக் கூடாது என்று முடிவு செய்தேன். பிள்ளை குட்டிக்காக இல்லை, சாமிமேல் பாரத்தைப் போட்டும் இல்லை. இவளை விடக் கூடாது என்பதற்காக.

டாக்டரம்மா முருகேசனை நிறுத்தினார். "சார், இவங்க என்கிட்டயே, நீங்கதான் நிறுத்தச் சொன்னீங்கன்னு சொல்றாங்க. எனக்கு யாரும் போனே பண்ணல. யாரோ பொய் சொல்லியிருக்காங்க. இவங்க இல்ல." அப்புறம் நான் விரலால் காட்டியதும், கோமதியின் கைப்பையிலிருந்த ஊதா டப்பாவை வாங்கிப் பின்பக்கம் படித்தார்.

"ஆன்டிஆக்ஸிடன்ட் இந்த நோய்க்கு பிளேட்லெட்ட ஏத்தும்னு நம்பிக் குடுக்கற அளவுக்கு ஆதாரம் கெடையாது. பி12, போலிக் ஆசிட் கொறஞ்சதால எறங்கறவங்க இருக்காங்க, அவங்களுக்கு அந்தச் சத்தக் குடுத்தா ஏறும். இவங்களுக்கு அது ரெண்டும் அப்பவே பாத்தோம், சரியா இருக்கு. இவங்க பிரச்சன துரு இல்ல, காவக்காரன். இன்னொண்ணு, இதுல வைட்டமின் ஈ அதிகமா இருக்கு, பூண்டுச் சத்து இருக்கு. இதெல்லாம் அளவுக்கு மீறினா ரத்தம் உறையறதையே தள்ளிப்போடும். ரத்தம் நிக்காத ஆளுக்கா இத குடுப்பாங்க?"

கோமதி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெளியே போனாள். பாப்பாரப்பட்டி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதாம்.

நரம்பில் மருந்து ஏற்றினார்கள். நடக்கக் கூடாது, தும்மக்கூட யோசிக்க வேண்டும், விழுந்தால் மூளையில் ரத்தம் கசியலாம். பிரஷ் கூடாது. முருகேசன் விரலில் பஞ்சைச் சுற்றி, வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, என் பல்லை ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டார். மன்னிச்சுக்கோ என்று சொல்லத் தெரியாத மனுஷன். கடவாய்ப் பல்லை இரண்டு தடவை துடைத்தார். பில் கட்ட மெஷினின் பேரில் கடன் வாங்கியதையும் அப்போது சொல்லவில்லை.

படுத்துக் கிடக்கிற நேரத்தில் என் மண்டைக்குள் ஓடியது ஒன்றே ஒன்று. என் கண்ணீர் அஞ்சலி பேனர். எத்தனை பேருக்குப் போட்டிருப்பேன்! நீலப் பின்னணி, இரண்டு பக்கம் குத்துவிளக்கு, மேலே மேகம். அழுதுகொண்டு வருகிறவர்கள் நல்ல படம் எதுவும் கொண்டுவர மாட்டார்கள். ஆதார் அட்டையை நீட்டுவார்கள். அதைப் பெரிதாக்கினால் செத்தவர் திருட்டுக் கேசில் மாட்டியவர் மாதிரி இருப்பார். எனக்கும் அந்தக் கதிதானா என்று தோன்றியது. போனைத் துழாவி ஒரு படத்தை எடுத்தேன். சித்தேரி மலைக்குப் போனபோது முருகேசன் எடுத்தது. பச்சைச் சேலை, காற்றில் முடி பறக்க, வாய்விட்டுச் சிரிக்கிறேன்.

"எதுனா ஆயிட்டா இந்தப் படத்தப் போடு. ஆதார் படத்தப் போட்ட, பேயா வந்து மெஷின்ல உக்காந்துக்குவன்."

"மூடு வாய" என்றார். வராந்தாவுக்குப் போய் அழுதுவிட்டு வந்தார். கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது.

மருந்து பிடித்தது. முப்பதாயிரம், எண்பதாயிரம், பிறகு ஒரு லட்சத்து நாற்பதாயிரம். மூஞ்சி மறுபடியும் உப்பியது. இந்தத் தடவை கண்ணாடியைப் பார்த்து, உப்பு, இன்னும் நல்லா உப்பு என்றேன். மாத்திரையை டாக்டரம்மா சொன்னபடி மெதுவாகக் குறைத்து இறங்கி வந்தேன்.

வீட்டுக்கு வந்தபின் கம்பைநல்லூரிலிருந்து ஒரு அம்மா போன் செய்தார். பெயர் சாந்தி.

"கோமதியக்கா நம்பர் குடுத்தாங்கம்மா. எம்பொண்ணுக்கும் பிளேட்லெட் இல்லீங்க. பத்தாவது படிக்குது. டாக்டரு ஸ்டீராய்டு குடுத்திருக்காரு. நீங்க அத தூக்கிப் போட்டுட்டு கேப்ஸ்யூல்லயே பொழச்சுக்கிட்டீங்களாமே? ஒங்க போட்டோ பாத்தன். நாங்களும் நிறுத்திடலாங்களா?"

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நிறுத்தவே நிறுத்தாதீங்க என்று கத்தினேன். அந்த அம்மா பயந்துபோய் போனை வைத்துவிட்டார். நம்பினாரா, இல்லையா என்று தெரியவில்லை. திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை.

கோமதியைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் என் வற்றிய மூஞ்சி, கீழே ஊதா டப்பா, "எட்டாயிரத்திலிருந்து ஒன்றரை லட்சம்".

"ஏங்கா, ஆஸ்பத்திரில நான் கெடந்தத நீ பாக்கலயா?"

"அந்தக் கேப்ஸ்யூலு உள்ள வேல செஞ்சு வெச்சதாலதான்டி ஊசியே புடிச்சுது. அத ஏன் நீ ஒத்துக்க மாட்டேங்கற? வூட்டுக்குள்ள பேசறத வெளில பேசாத." அதே மூச்சில் சொன்னாள். "வர்ற ஞாயித்துக்கெழம மண்டபத்துல எங்க மீட்டிங்கு. எனக்குக் கோல்டு தர்றாங்க. வாசலுக்குப் பத்துக்கு எட்டு அடில பேனர் ஒண்ணு வேணும். ஒன் படம், எவ்ளோல இருந்து எவ்ளோ ஏறுச்சுன்னு. நல்லா பெருசா போடு."

"ப்ரூப் அனுப்பறன்கா, படிச்சுப் பாத்துச் சொல்லு."

"ப்ரூப் எதுக்குடி? நம்ம கடதான!"

எங்கள் தொழிலில் இது எல்லாச் சொந்தக்காரர்களும் செய்கிற தப்பு. காசும் தர மாட்டார்கள், படித்தும் பார்க்க மாட்டார்கள். மாப்பிள்ளை பெயர் தப்பாக வந்து மண்டபத்தில் அடிதடி ஆனதெல்லாம் உண்டு.

அன்றைக்குச் சாயங்காலம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு போட்ட முதல் டிசைன். அவள் கேட்டதையே போட்டேன். என் படம். எண்ணிக்கை. பெரிய எழுத்து. ஒரு பொய் இல்லை.

"ஸ்டீராய்டு சாப்பிட்டபோது: 8,000த்திலிருந்து 60,000த்துக்கு மேல்.
அதை நிறுத்தி, கோமதி தந்த கேப்ஸ்யூல் மட்டும் சாப்பிட்டபோது: 4,000.
டாக்டர் மறுபடியும் மருந்து கொடுத்தபோது: 1,40,000.
டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.
வருக, வருக என வரவேற்பது: இன்னும் சாகாத மஞ்சுளா, பாப்பிரெட்டிப்பட்டி."

ஓரத்தில் ஊதா டப்பா. அதற்குத் தங்க ஜரிகை பார்டர். கோல்டு அல்லவா.

முருகேசன் பின்னால் வந்து நின்று படித்தார். கூடப்பிறந்த அக்கா. வேண்டாம் என்பார், சண்டை போடலாம் என்று நான் தயாராக இருந்தேன்.

"நாலாயிரம் எழுத்து சின்னதா இருக்குது" என்றார். "செவப்புல போடு."

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அவரே ஏணி போட்டு மண்டப வாசலில் கட்டினார். வழக்கமாகக் கயிறுதான். அன்றைக்குக் கட்டுக்கம்பி, மூலைக்கு மூன்று முறுக்கு. குறடு இல்லாமல் யாராலும் அவிழ்க்க முடியாது. குறடு அவர் பையில் இருந்தது. நாங்கள் எதிர் டீக்கடையில் உட்கார்ந்துகொண்டோம்.

பஸ்ஸிலும் வண்டியிலும் ஆட்கள் வந்தார்கள். வாசலில் நின்று அண்ணாந்து படித்தார்கள். ஒருத்தர் சத்தம் போட்டே படித்தார். சேலத்திலிருந்து வந்த கோட்டுக்காரர் காரைவிட்டு இறங்கி, படித்து, யாரு கோமதி என்று கேட்டார். கோமதி பட்டுச் சேலையில் ஓடிவந்து நிமிர்ந்து பார்த்தாள். அவிழுங்க, அவிழுங்க என்று கத்தினாள். இரண்டு பேர் நகத்தால் கம்பியைப் பிராண்டினார்கள். நான் இரண்டாவது டீ சொன்னேன். சர்க்கரை தூக்கலாக.

கூட்டத்தில் ஒரு அம்மா, பக்கத்தில் ஒல்லியாக, மூஞ்சி மட்டும் உப்பிய ஒரு பெண். என் மூஞ்சியேதான் அது. அந்த அம்மா போனைத் தூக்கி பேனரை ஒரு படம் எடுத்தார். அப்புறம் பெண்ணின் கையைப் பிடித்து, மண்டபத்துக்குள் போகாமல், பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார். கொஞ்ச நேரத்தில் என் போன் அடித்தது.

"கம்பைநல்லூர் சாந்தி பேசறங்க. மாத்தரய நிறுத்தலீங்க."

அதற்குள் கோமதி எங்களைப் பார்த்துவிட்டாள். ரோட்டைக் கடந்து வந்தாள். மேடையில் அவளுக்குக் கோட்டு மாட்டவில்லை என்று அப்புறம் கேள்விப்பட்டேன்.

"குடும்ப மானத்த இப்டி சந்தி சிரிக்க வெச்சிட்டியே, நீ நல்லா இருப்பியாடி?"

"நல்லாத்தான்கா இருக்கன். லட்சத்து நாப்பதாயிரம்."

தம்பியைப் பார்த்தாள். தம்பி டீயைப் பார்த்தார். பேனரைக் கை நீட்டிக் காட்டினாள்.

"இவ்ளோ சிரிச்ச மூஞ்சியா ஒரு போட்டோ, எங்கடி புடிச்ச? எனக்கு அனுப்புனதில்லயே?"

"அது கண்ணீர் அஞ்சலிக்கு எடுத்து வெச்சதுக்கா. நீ குடுத்த கேப்ஸ்யூல்ல நான் செத்திருந்தா, ஒன் தம்பி இதே சைஸ்ல இதத்தான் அடிச்சிருப்பாரு. நீயும் மால போட்டிருப்ப."